ஹீல்ட்ஸ்பர்க் சனிக்கிழமை ரைடு: ஒயின் குடிக்க வேண்டுமென்றால் வேறு குழு பாருங்கள்

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இலையுதிர் காலத்தில் சைக்கிள் என்று படித்ததும், கையில் கோப்பையோடு எடுத்துக்கொள்ளப்போகும் போட்டோதான் நினைவுக்கு வருகிறதா? இந்தக் குழுவில் பெயர் கொடுக்காதீர்கள். இது பயிற்சி. அடுத்த கோடைக்குள் நூறு மைல் ஓட்ட ஆசைப்படுகிறவர்களை அக்டோபரிலேயே பிடித்துப் பழக்குகிறார்கள். 45 மைல் சொச்சம், நடுவே ஒரே ஒரு நிறுத்தம், தப்பாக ஓட்டினால் எல்லார் முன்னாலும் திட்டு. எனக்குப் பிடித்திருந்தது. பெரிய குறை ஒன்றும் உண்டு, அதற்கு வருகிறேன்.

இடம் சோனோமா கவுண்டியின் ஹீல்ட்ஸ்பர்க், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே 70 மைல். காலை எட்டு மணிக்கு ரஷ்யன் ஆற்று மூடுபனியில் பிரேக் பிடிக்கிற விரல் விறைத்துப்போகும். மதியம் அதே ஊரில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கழற்றிச் சுருட்டிப் பையில் வைக்கிற கை உறைகள் கட்டாயம். கிளம்புமுன் ஒவ்வொரு சைக்கிளாகப் பிரேக், டயர் காற்று, பின்விளக்கு எல்லாம் பார்த்தார்கள். ஒருவருடைய முன்சக்கரம் சரியாக முடுக்கப்படாமல் ஆடியதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் விட்டார்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையான வாத்தியார் வெஸ்ட் டிரை கிரீக் ரோடு. ஒடுங்கிய, ஒட்டுப்போட்ட தார்ச்சாலை. பெரிய மலை எதுவும் கிடையாது. ஆனால் நூறடி சமமாகவும் போகாது. ஏறும், வளையும், இறங்கும், மறுபடி ஏறும். வீட்டு டிரெய்னரில் மணிக்கணக்கில் மிதித்தாலும் இது வராது. ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரை இறக்க வேண்டும். ஏறத் தொடங்கியபின் மாற்றினால் செயின் கடகடவென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் லீடர் அறுபதைத் தாண்டிய பெண்மணி, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தையே முறைக்காதே, அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். குழி, சரளை, பின்னால் கார் ஒவ்வொன்றுக்கும் கைச்சைகையோடு குரலும் கொடுக்க வேண்டும். சைக்கிளைத் தாண்டும் கார் மூன்றடியாவது விலகிப் போக வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் 2014 முதல் சட்டம். இந்த ரோட்டில் அதற்கு இடம் கிடைக்கும்வரை கார்கள் பொறுமையாகப் பின்னால் வந்தன. அவர்கள் பொறுமை காக்கும்போது நாம் ஜோடி ஜோடியாகக் கதை பேசிக்கொண்டு போவது மரியாதை இல்லை என்று லீடர் எங்களை ஒற்றை வரிசையாக்கிவிட்டார்.

அக்டோபர் கடைசியில் அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். பழம் பிழிந்த சக்கையை மறுபடி தோட்டத்திலேயே கொட்டியிருந்தார்கள்; பாதை முழுக்கப் புளித்த வாசம். லாரியிலிருந்து சிந்தி நசுங்கிய பழம் வளைவுகளில் வழுக்கும், கவனம். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. எங்கள் பக்கம் கொடி பந்தலில் படர்ந்து குலை தலைக்கு மேலே தொங்கும், வருஷம் பூராவும் எங்காவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். டிரை கிரீக்கில் ஜின்ஃபண்டல் என்கிற ஒயின் திராட்சையின் பழைய செடிகளுக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்புயர முண்டுகளாகத் தனித்தனியே நிற்கின்றன. கூட வந்தவர்கள் சிவந்திருந்த வரிசைகளைக் காட்டிக் காட்டி வியந்தார்கள். கருந்திராட்சையில் நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் சிவந்து, ஓரம் கீழே சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் லீஃப்ரோல் வைரஸ். பழத்தில் இனிப்பு ஏறுவது தாமதமாகும். தோட்டக்காரன் மகளுக்கு அதைப் பார்த்து ரசிக்க மனசு வரவில்லை. மஞ்சளாகப் பழுத்து உதிர்கிற வரிசைகளைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டேன்.

நிறுத்தம் லாம்பர்ட் பாலத்தைத் தாண்டி டிரை கிரீக் ஜெனரல் ஸ்டோரில். 1881-இல் தொடங்கிய கடை. சாண்ட்விச் பெரிசு, பாதி போதும். முழுசாகச் சாப்பிட்டுவிட்டு கேன்யன் ரோடு ஏறினால் வயிறு பேசும். குழு கொடுத்தது வாழைப்பழமும் உப்பு பிஸ்கட்டும். நான் கடலை மிட்டாய் கொண்டுபோயிருந்தேன், நாலு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். வழியில் இருக்கிற ஒயினரி ஒன்றில் ஒரே ஒரு வாய் ருசி பார்க்கலாமே என்று ஒருத்தர் ஆரம்பித்தார். ரைடு முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது என்று லீடர் வெட்டிவிட்டார். போதையில் சைக்கிள் ஓட்டினாலும் இங்கே குற்றம், 250 டாலர் வரை அபராதம். அது தெரியாமல் வருகிறவர்கள் நிறைய.

கெய்சர்வில் தாண்டி, அலெக்ஸாண்டர் பள்ளத்தாக்கில் 128-ஆம் நெடுஞ்சாலை அகலம், எதிர்காற்று. ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் போய் காற்றை வாங்கிக்கொண்டு பின்னுக்கு வரும் பழக்கம் இங்கேதான் கைவந்தது. சாலையோரத்தில் அங்கங்கே கருகிய மரங்கள். 2019 அக்டோபரில் கின்கேட் தீ 77,000 ஏக்கருக்கு மேல் எரித்துக்கொண்டு போன நிலம் இது. சோடா ராக் ஒயினரிக் கட்டடம் அதில் போய்விட்டது. அங்கே நின்ற இரும்புக் காட்டுப்பன்றிச் சிலை மட்டும் தப்பியது.

இனிமேல் குறை. "யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்று கையெழுத்து வாங்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சாக் ஹில் ரோடு ஏற்றத்தில் அந்தப் பேச்சு காற்றோடு போனது. எங்களில் ஒருவருக்குப் பங்ச்சர். டயரில் ஏறியிருந்தது நெருஞ்சி முள்ளேதான். நம்ம ஊரில் காலில் குத்துகிற அதே செடி இங்கேயும் சைக்கிள்காரர்களின் ஜென்ம விரோதி. கடைசி ஆளாக வரும் ஸ்வீப் பையன் தங்கம். டயரின் எழுத்து எப்போதும் வால்வுக்கு நேராக இருக்கும்படி மாட்ட வேண்டும், அப்போதுதான் டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் முள் எங்கே என்று தேட முடியும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒருத்தரையும் காணோம். அடுத்த திருப்பத்திலும் ஆள் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. வேகக்காரர்கள் வேறு லீடரோடு ஓடிவிட, எங்கள் லீடரும் அவர்களைப் பிடிக்கப் போய்விட்டாராம். ஸ்வீப்புக்கு வழி தெரிந்திருந்ததால் ஊர் வந்து சேர்ந்தோம். திருப்பத்துக்கு ஒருவர் நிற்பது பெரிய செலவில்லை. அமைப்பாளருக்கு இதை எழுதினேன். வருத்தம் தெரிவித்தார்கள், இனி என்ன செய்வோம் என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் ஐந்தில் மூன்றரை நட்சத்திரம். அந்த அரையும் ஸ்வீப்புக்கு.

போகிறவர்கள் வழித்தடத்தைப் போனில் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டியூப் இரண்டு எடுத்துப் போங்கள். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் அந்த ஒட்டுச்சாலைக்கு ஆகாது. நவம்பர் மழை ஆரம்பித்தால் ஈர இலை தனித் தலைவலி. ஓட்டாத துணையோடு வருகிறீர்கள் என்றால், ஹீல்ட்ஸ்பர்க் சதுக்கத்தைச் சுற்றி ஒயின் ருசிக்கூடங்கள்தான். எங்க வீட்டுக்காரர் அங்கே நேரம் போக்கிய தினுசில், நூறு மைல் தள்ளி ஃப்ரீமான்ட் வரைக்கும் காரை நான்தான் ஓட்ட வேண்டியிருந்தது.