ஹோர்ஸ் செஸ்நட்டா, பக்கையா: லண்டன் வளவுக்கு எது சரி?

லண்டனில் சின்னத் தோட்டத்தோடு வீடு வாங்கிவிட்டு, என்ன மரம் வைக்கலாம் என்று வெள்ளவத்தையில் இருக்கும் நம்மிடம் கேட்கும் தம்பி தங்கைமாருக்கு நேராகவே சொல்கிறேன்: ஹோர்ஸ் செஸ்நட் வேண்டாம், சிவப்பு பக்கை (red buckeye) வையுங்கள்.

இரண்டும் ஏஸ்குலஸ் என்ற ஒரே பேரினம், நம்ம றம்புட்டானுக்கும் தூரத்துச் சொந்தம். நொச்சி இலையைப் பல மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ, அப்படித்தான் இலை. ஹோர்ஸ் செஸ்நட்டின் ஊர் பால்கன் மலைகள், பக்கை வகைகள் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் இலை இல்லாதபோது மொட்டைத் தொட்டுப் பாருங்கள், பிசின் விரலில் ஒட்டினால் ஹோர்ஸ் செஸ்நட், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பக்கை. முன்னதன் காயில் முள் இருக்கும், சிவப்பு பக்கையின் காய் வழுவழுவென்று இருக்கும்.

மே மாதத்தில் ஹோர்ஸ் செஸ்நட் வெள்ளைப் பூக்கதிர்களோடு நிற்பது அவ்வளவு வடிவு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் 30 மீட்டர் வரை போகும் மரம், அதோடு இலைப் பூச்சி. 1984இல் இன்றைய வட மசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பக்கம் முதலில் கண்ட ஒரு குட்டி அந்துப்பூச்சி, 2002இல் லண்டனுக்கும் வந்துவிட்டது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்புகளுக்கிடையே பழுப்புத் திட்டும், அதற்குள்ளே புழுவும் தெரியும். ஓகஸ்ட்டிலேயே மரம் முழுக்கக் கருகினாற்போல் ஆகிவிடும். அதனால் மரம் சாகாது, ஆனாலும் பார்க்க மனசு கேட்காது. கூட்டுப்புழு குளிர்காலத்தைச் சருகுக்குள் கழிப்பதால் சருகைக் கூட்டி அகற்றினால் தொல்லை குறையும், சரி, பக்கத்து வளவுச் சருகை யார் கூட்டுவது?

சிவப்பு பக்கையில் அந்தப் புழு தேறுவது அரிது. மரமும் பெரும்பாலும் 5, 6 மீட்டரோடு நின்றுவிடும், குழல் குழலாகச் சிவப்புப் பூ, அமெரிக்காவில் தேன்சிட்டு போன்ற ஹம்மிங்பேர்ட் இதைத் தேடி வரும். மண் காய்ந்தால் மட்டும் இலை ஓரம் கருகும், கோடையில் தண்ணீர் விடத்தான் வேண்டும்.

இந்த இரண்டையும் கலந்த பிரியோட்டி என்ற வகைக்கு அடர்சிவப்புப் பூ, பூச்சித் தொல்லையும் குறைவு, ஆனால் நடுத்தர மரம். இதே பேரினத்தில் இமயமலையின் இண்டிகா என்ற இனமும் பூச்சியைத் தாங்கும், அதற்குப் பூங்கா அளவு இடம் வேண்டும். ஹோர்ஸ் செஸ்நட்டிலேயே பௌமானி என்ற வகைக்கு அடுக்குப் பூ, காய் பிடிக்காது, தெருவோரத்துக்கு நல்லது. பொட்டில் பிரஷ் பக்கை ஜூலை, ஓகஸ்ட்டில் பூக்கும் புதர், பக்கக்கன்று விட்டுப் பரவும், வேலியோரம் வேண்டாம். டொரண்டோ குளிருக்கு ஒஹாயோ பக்கைதான் என் தெரிவு, இலையுதிர்காலத்தில் இலை செம்மஞ்சளாகும்.

அப்புறம், இவற்றில் எதன் விதையும் சாப்பிடக்கூடாது, நஞ்சு. லண்டன் தெருவில் வறுத்து விற்கும் செஸ்நட் வேறு மரம். அந்தக் கொட்டையின் நுனி கூராக, சின்னக் குஞ்சத்தோடு இருக்கும், இவை மொழுமொழுவென்று உருண்டை. சின்னப் பிள்ளைகளும் நாயும் உள்ள வீட்டில் விழும் விதைகளைப் பொறுக்கிவிடுங்கள்.

கொழும்பில் நட ஆசைப்பட வேண்டாம், குளிர்கால ஓய்வு இல்லாமல் இவை தேறாது.