மூன்றாவது வளைவில் வரும் 'கடக்': கியர் சைக்கிளுடன் மூன்று ஆண்டுகள்

சென்ற திங்கட்கிழமை அலுவலக நண்பர் ஒருவர், நான் ஓட்டும் அதே சைக்கிள் இப்போது பதினோராயிரம் ரூபாய் விலை குறைந்து விற்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். விலை குறைந்த செய்தி முழு விலை கொடுத்தவனுக்கு எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சைக்கிளின்மீது எனக்கு அதைவிடப் பழைய வருத்தம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

46ஆம் வயதில் இதை வாங்கினேன். 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரப் பயணத்தை அதற்குரிய 13 மணி 30 நிமிடக் கெடுவுக்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அதற்கு முன் நான் செய்த உடற்பயிற்சி, மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் படியேறியது மட்டுமே. சேலத்துக்காரர்களுக்குப் பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்விட்டால், ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்குமேல் உயரும் ஏற்காட்டுச் சாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு காத்திருக்கிறது. ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே நிற்பேன். அலுமினிய ஃப்ரேம், டிஸ்க் பிரேக், முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பற்கள் வரை உள்ள பற்சக்கர அடுக்கு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன. விளம்பரத்தில் இல்லாததைச் சொல்கிறேன்.

இரண்டாவது மாதத்தில், மூன்றாவது வளைவை நெருங்கும்போது, வலது பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் 'கடக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சமதளத்தில் அது வராது. அஸ்தம்பட்டி நெரிசலில் வந்தாலும் கேட்காது. வண்டிகள் இல்லாத மலைச்சாலையின் அமைதியில், தன் மூச்சு தனக்கே கேட்கும் நேரத்தில், தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்கும். வாங்கிய கடையில் சொன்னபோது, கடை வாசலில் இருபது அடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்களே சார்" என்றார்கள். வற்புறுத்தியதும் பெடல் அச்சின் பேரிங்கை என் செலவில் மாற்றினார்கள். அடுத்த முறை பெடலை மாற்றினார்கள். அதற்கடுத்த முறை செயினை. மூன்று முறையும் பணம் போனது. மூன்று முறையும் அடுத்த ஞாயிறே, அதே மூன்றாவது வளைவில், அது என்னை வரவேற்றது.

தப்பிக்க வழியில்லாமல் அந்தச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தேன். நிமிடத்துக்கு 51. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எனக்கு, இருப்பதிலேயே இலகுவான கியரிலும் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.6 மீட்டர் நகர்கிறது. அப்படியானால் கணக்கு சரியாக 51தான் வரும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எண்பதுக்குமேல் சுற்றுகிறார்கள். நான் நடுத்தர வயது முழங்கால்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் செக்கு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் மாடிப்படி இறங்கும்போது முட்டியில் வலி குத்தியதற்கு வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே, காரணம் இதுதான். பின்பக்கப் பற்சக்கரம் பெரிதானால் மிதிப்பது இலகுவாகும் என்பதால், 34 பற்கள் வரை உள்ள அடுக்கைப் போட்டேன். பழைய கியர் மாற்றியின் கை அதற்கு எட்டாது என்பதால் நீளக் கை உள்ளதை வாங்க வேண்டியிருந்தது, செயினும் நீளமாகப் போட வேண்டியிருந்தது. அதே வேகத்தில் இப்போது 62 'கடக்'. இரண்டே மாதத்தில் முட்டிவலி போய்விட்டது. மலை ஏறவே முடியாத கியரைப் போட்டுச் சைக்கிளை விற்பவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோரையும் இருபத்தைந்து வயதினர் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

சத்தத்தின் இடம் தெரிந்தது எட்டாவது மாதத்தில். அதுவரை நான் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்ததே இல்லை. பத்து மிதி மிதித்தால் மூச்சு முட்டி, கண் இருட்டிக்கொண்டு வரும். அன்று ஒன்பதாவது வளைவின் உள்பக்கச் செங்குத்தில் வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன். சத்தம் நின்றது. உட்கார்ந்தேன், வந்தது. மறுபடியும் எழுந்தேன், இல்லை. பெடலில் இருந்தால் நின்று மிதிக்கும்போது அதிகமாக அல்லவா வர வேண்டும்? சத்தம் சீட்டில் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பின் பாரம் இப்படியும் அப்படியும் மாற, சீட்டுக் கம்பி ஃப்ரேமுக்குள் உராய்ந்திருக்கிறது. உலோகக் குழாய் அந்த ஓசையைக் கடத்திக் காலடியில் கேட்கும்படி செய்திருக்கிறது. எழுந்து நிற்கும் தெம்பு முதல் மாதமே எனக்கு இருந்திருந்தால் மூன்று செலவுகளும் மிச்சமாகியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில், வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கம்பியை உருவிக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை. வேர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, அளவாக முடுக்கிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை, ஐம்பது ரூபாய் கூலி. சைக்கிளைப் பூட்டும்போதே கடைக்காரர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நியாயமாகச் சொன்னால் மற்ற குறை எதுவும் இல்லை. 11,000 கிலோமீட்டர் ஓடியும் ஃப்ரேமில் அசைவு கிடையாது. இறக்கத்தில் பேருந்துக்கு ஒதுங்கி நின்று, பனியில் நனைந்த சாலையில் மீண்டும் புறப்படும்போது இரண்டு விரல் அழுத்தத்துக்கே பிரேக் பிடிக்கிறது. இருபது வளைவும் இறங்கி முடித்தபின் கை வலிப்பதில்லை. சென்ற ஆண்டு அந்த 200 கிலோமீட்டரை 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். வழியில் ஒரு பஞ்சர்கூட இல்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல சைக்கிளை நான் பார்க்கவில்லை.

ஆனால் அடிவாரத்தில் வழியும் வேர்வையும் மேலே இறங்கும் மூடுபனியும் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிரீஸைக் கழுவிவிடுகின்றன. கடந்த ஞாயிறு, பதினான்காவது வளைவில், மறுபடியும் 'கடக்'. மீதி ஆறு வளைவுகளையும் அதைக் கேட்டபடியே ஏறினேன். நண்பர் கேட்டது அதற்கு மறுநாள் காலை. வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.