கிளிப்பச்சை எமல்ஷன்: மழைக்கு நின்றது, வெயிலுக்கு நிற்கவில்லை

பாளையங்கோட்டையில் வீடு கட்டும் நண்பர் ஒருவர், "உங்க வீட்டு வெளிச்சுவருக்கு அடிச்ச பெயிண்டையே நானும் அடிக்கட்டுமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. விலை, கவரேஜ் எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கேயும் பாசி பிடிக்கவில்லை, உரியவில்லை. மயிரிழை வெடிப்புகள் மூடினது மூடினபடி இருக்கின்றன. ஆனி, ஆடிக் காற்று அப்பிவிட்டுப் போகும் புழுதி, ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்தாலே போய்விடுகிறது.

ஆனால் நிறம்! மின் மீட்டர் பெட்டியை இடம் மாற்றியபோது, அது இருந்த இடம் பளிச்சென்று கிளிப்பச்சையாக இருந்தது. சுற்றிலும் இருப்பதோ நீலம் ஓடிய வேறொரு பச்சை. வெளுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் கேட்காத நிறத்தை என் சுவருக்குத் தந்திருக்கிறார்கள்.

கடையில் கேட்டால், "வெயில் ஊரு அண்ணாச்சி, அப்படித்தான் ஆகும்" என்றார்கள். இது பாதிப் பதில்தான். கிளிப்பச்சை ஒற்றை நிறமி இல்லை. பெரும்பாலும் தாலோ (phthalo) பச்சை என்ற நிறமியோடு பளிச்சென்ற கரிம (organic) மஞ்சளைக் கலந்துதான் வரும். தாலோ பச்சை வெயிலுக்கு அசையாது. கரிம மஞ்சளின் நிறமோ அதன் மூலக்கூறில் இருக்கும் பிணைப்புகளில் இருக்கிறது. புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. மஞ்சள் போய், பச்சை மட்டும் மிஞ்சினால் சுவர் நீலம் தட்டாமல் என்ன செய்யும்? அதிலும் வெள்ளை நிறைய கலந்த வெளிர் ஷேடில் நிறமி கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவரைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அது பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை சிதைவதால் வருவது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நனைந்ததும் பழைய நிறம் தெரிந்தால் பொடிதான் காரணம், தெரியாவிட்டால் நிறமியே செத்துவிட்டது. என் சுவரில் பொடி இல்லை. துடைத்தாலும் அதே நீலம்தான்.

"மேற்குச் சுவர்தானே வெளுக்கும், வடக்குப் பக்கம் அடிச்சா நிக்கும்" என்றும் சிலர் சொல்வார்கள். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கேதான். வடக்குச் சுவருக்கும் தப்பிப்பு கிடையாது.

காவியைப் பாருங்கள். கோயில் மதில் பட்டையில் அது மழையில் கரையும், உதிரும், ஆனால் வேறு நிறமாகாது. அது இரும்பு ஆக்சைடு. ஆக்சிஜனோடு ஏற்கெனவே சேர்ந்து முடிந்த பொருள், வெயில் அதில் உடைக்க ஒன்றுமில்லை. பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் அதே சரக்குதான். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்கள் சில நூற்றாண்டுகளாகக் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால், கல்லும் மண்ணும் தந்த வண்ணங்களோடு, நேர் வெயில் படாத உள்சுவர் என்பதும் சேர்ந்துதான்.

உத்தரவாதச் சீட்டில் உரிதலும் பாசியும் இருக்கின்றன, நிறம் மாறுவது இல்லை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஷேடு கார்டைக் காட்டித்தானே விற்றார்கள்? கலக்கும்போதே "இந்த மஞ்சள் வெளியே நிற்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, நண்பருக்குப் பதில்: வெள்ளையோ, காவியோ, சந்தனமோ என்றால் தாராளமாக இதையே அடிக்கலாம். டின்டிங் மெஷினில் கலக்கும்போது ஆக்சைடு மஞ்சள், ஆக்சைடு சிவப்பு போட்டு வரும் ஷேடாகக் கேட்டு வாங்குங்கள். புதுப் பூச்சு நன்றாகக் காயட்டும், சிமெண்டின் காரமும் சில நிறமிகளைக் கெடுக்கும். பளிச்சென்ற பச்சை, ரோஸ், ஆரஞ்சு ஆசை இருந்தால் ஹாலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டும் இந்த டப்பாவை இனி வாங்க மாட்டேன். மழைக்கு இதைவிட நன்றாக நின்ற பெயிண்டை நான் பார்த்ததில்லை, வேறு கம்பெனிக் கிளிப்பச்சையும் இதே மாதிரி மஞ்சளில்தான் வரக்கூடும். இருந்தாலும் வாங்க மாட்டேன்.