பாதி தைராய்டா, முழுத் தைராய்டா?

தைராய்டு புற்றுநோயில் பரவலாகக் காணப்படும் பாப்பில்லரி வகை. கட்டி 1 முதல் 4 செ.மீ.க்குள், கழுத்து நிணநீர்க் கணுக்களிலோ சுரப்பிக்கு வெளியிலோ பரவல் இல்லை. இந்த நிலையில் பாதியை எடுத்தாலும் சரி, முழுவதையும் எடுத்தாலும் சரி என்றது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். நான் பாதி போதும் என்று முடிவெடுத்தவன். அந்தச் சாய்வு இதில் இருக்கத்தான் செய்யும்.

இந்தக் கட்டத்தில் உயிர்பிழைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தழும்பிலும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதற்குப் பிந்தைய பராமரிப்பு.

முழுவதும் போனால் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை ஆயுள் முழுக்க. வெறும் வயிற்றில் விழுங்கி, சாப்பிட அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ளலாம். என்னை யோசிக்க வைத்தது பாராதைராய்டு. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்காக இருக்கும் இந்தச் சிறு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கின்றன. இரு பக்கமும் கத்தி போனால் நான்குக்குமே ஆபத்து. அவை மீளாவிட்டால் விரல் நுனி மரத்துப்போவதும் தசை இழுப்பும் வரும். கால்சியமும் வைட்டமின் டியும் நிரந்தரமாகும். அந்தக் கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்பது தனித் தொல்லை. பாதி எடுத்தால் மறுபக்கச் சுரப்பிகளையும் மறுபக்கக் குரல்வளை நரம்பையும் தொடுவதே இல்லை. மாத்திரையிலிருந்து முழு விடுதலை என்று மட்டும் நம்ப வேண்டாம், பாதி எடுத்தவர்களிலும் பலருக்கு அது தேவைப்படுகிறது.

முழு அறுவையின் பலம் கண்காணிப்பில். தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு ஏறினால், நோய் திரும்பியதோ என்று உடனே சந்தேகிக்கலாம். எஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கும் ரேடியோ அயோடினும் (கதிரியக்க அயோடின்) கொடுக்க முடியும். மிச்சப் பாதி தானே தைரோகுளோபுலினைச் சுரப்பதால், எங்களுக்கு அந்த எண் அவ்வளவு தெளிவாகப் பேசாது, அல்ட்ராசவுண்டைத்தான் நம்ப வேண்டும். ரேடியோ அயோடின் எடுத்தவனில்லை என்பதால் அதன் சிரமம் பற்றி நான் பேசுவது சரியாகாது.

மெடுல்லரி வகைக்கு இந்த விவாதமே பொருந்தாது. அது அயோடினை ஏற்காத சி செல்களில் தொடங்குவது. பொதுவாக முழுச் சுரப்பியோடு கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, அந்தச் செல்கள் சுரக்கும் கால்சிடோனின் ஹார்மோனைப் பார்த்து வருவார்கள், பரம்பரையா என்று அறிய ரெட் (RET) மரபணுச் சோதனையும் உண்டு. அனாபிளாஸ்டிக் என்ற இன்னொரு வகை அசுர வேகம், அங்கே யோசிக்க அவகாசமே கிடைக்காது.

பாதிக்குச் சம்மதிக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எடுத்த திசுவின் பயாப்சியில் ரத்தக் குழாய் ஊடுருவல் போல ஏதாவது தெரிந்தால், மிச்சத்தையும் எடுக்க இரண்டாவது அறுவை வருமா?