ஷிச்சாஹாய்: நீரின் போக்கில் ஒரு நடை

பெய்ஜிங்கின் ஷிச்சாஹாய் ஏரிப் பகுதிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், அதே பெயர் கொண்ட மெட்ரோ நிலையத்தில் இறங்கி, நினைவுப்பொருள் கடைகளையும் மதுக்கூடங்களையும் கடந்து, யின்திங் பாலத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் பார்த்தேன். கூட்டமும் ஒலிபெருக்கியும்தான் மனத்தில் நின்றன. இரண்டாம் முறை, அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எதிர்முனையில் உள்ள ஜிஷுயித்தான் நிலையத்தில் இறங்கி, நீர் ஓடும் திசையிலேயே நடந்தேன். முன்பு பார்த்தது இந்த இடத்தைத்தானா என்ற ஐயமே வந்துவிட்டது.

சீஹாய், ஹோவ்ஹாய், சியென்ஹாய் என்ற மூன்று ஏரிகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. 'ஹாய்' என்றால் கடல். கரையில் இருந்த பத்துப் பௌத்தக் கோயில்களால் ஷிச்சாஹாய் என்ற பெயர் வந்தது என்பார்கள். பெயரின் நடுவே உள்ள 'சா' என்ற எழுத்து, 'க்ஷேத்திரம்' என்ற வடசொல்லைப் பௌத்தர்கள் சீன ஒலியில் சுருக்கி எழுதியதிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தபின் அந்தப் பெயர் எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

சீஹாய்தான் மூன்றில் அமைதியானது. நாணலும் தாமரையும் வளர்ந்த கரையோரத்தில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தூண்டில்காரர்களையும் உடற்பயிற்சி செய்யும் முதியவர்களையும் தவிர வேறு யாரும் இல்லை. வடகரையில் ஒரு சிறு மேட்டின் மேல் குவோ ஷோவ்சிங்கின் நினைவகம் இருக்கிறது. வானியலிலும் நீர்ப்பொறியியலிலும் வல்லவரான அவர், வடக்கே சாங்பிங்கில் உள்ள பைஃபு ஊற்றிலிருந்து நீரைத் திருப்பிக் கொண்டுவந்து இந்த ஏரியை நிரப்பி, 1293-இல் தோங்ஹுயி கால்வாயை முடித்த பிறகே, தென்சீனத்தின் நெல் ஏற்றிய படகுகள் குப்லாய் கானின் தலைநகருக்குள் நேரே வந்து சேர முடிந்தது. பின்னர் மிங் அரச மரபின் காலத்தில் அரச வளாகத்தின் மதிலை விரித்தபோது கால்வாயின் ஒரு பகுதி அதனுள் அடைபட்டுப் படகுப் போக்குவரத்து நின்றது. துறைமுகமாக இருந்த நீர்நிலை, இளவரசர்களும் செல்வர்களும் மாளிகை கட்டிக்கொள்ளும் கரையாக மாறியது அதன் பிறகுதான். நினைவகம் சிறியது; ஆனால் இதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

ஹோவ்ஹாயின் கரையில் வில்லோ மரங்கள் அக்டோபரிலும் பச்சையாகவே இருந்தன. அறிவிப்புப் பலகைகளைப் பொருட்படுத்தாமல் முதியவர்கள் சிலர் நீந்திக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்திலும் பனிக்கட்டியை உடைத்து நீந்துவது இங்கே பழைய வழக்கம். வடகரையில் சீனக் குடியரசின் நிறுவனர் சுன் யாட்-சென்னின் மனைவி சூங் சிங்லிங் 1963 முதல் 1981-இல் மறையும் வரை வாழ்ந்த இல்லம் உள்ளது. அது முன்பு சுன் இளவரசர் மாளிகையின் தோட்டம். கடைசிப் பேரரசரான புயி 1906-இல் பிறந்ததும் அந்தக் குடும்பத்தில்தான். வீட்டைவிடத் தோட்டம் நன்றாக இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே ஹூதுங் எனப்படும் சந்துகளுக்குள் நுழைந்தேன். பெய்ஜிங் கோடு போட்டு வகுத்தாற்போல் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் தெருக்கள் அமைந்த நகரம். இந்தப் பகுதியிலோ சந்துகள் ஏரிக்கரையை ஒட்டிச் சாய்ந்தும் வளைந்தும் போகின்றன. இங்கேதான் மூன்று சக்கர ரிக்‌ஷாக்காரர்கள் அழைப்பார்கள். முதல் பயணத்தில் நான் ஏறிய வண்டிக்காரர் வண்டிக்கு என்று சொன்ன கட்டணத்தை, இறங்கும்போது ஆளுக்கு என்று மாற்றிக் கேட்டார். இருபது நிமிடத்தில் அவர் காட்டியவை இரண்டு சந்துகளும் ஒரு தேநீர்க் கடையும் மட்டுமே. நடக்க இயலாதவர்கள் தவிர மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியில் அமர்ந்து பார்த்தால், வாயில்களின் இருபுறமும் உள்ள செதுக்குக் கற்களை, முரசு வடிவில் இருப்பது எது, பெட்டி வடிவில் இருப்பது எது என்று நின்று பார்க்க வழியே இல்லை.

கோங் இளவரசர் மாளிகையைத் தவற விடக்கூடாது. ஆனால் ஒன்பது மணிக்கு முன்பே வாயிலில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டு எண்ணுடன் முன்பதிவு தேவை, திங்கட்கிழமை விடுமுறை. சியென்லோங் பேரரசரின் செல்லப்பிள்ளையான அமைச்சராக இருந்து அளவில்லாமல் சொத்துச் சேர்த்த ஹெஷென் கட்டிய மாளிகை இது. அந்தப் பேரரசர் 1799-இல் இறந்த சில நாள்களிலேயே ஹெஷெனை அந்தப் பேரரசருடைய மகன் சிறைப்பிடித்து, தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இது கோங் இளவரசரான யிசின் வசம் வந்தது. 150 மீட்டருக்கும் மேல் நீளமான பின்கட்டு மாடியின் புறச்சுவரில் வெவ்வேறு வடிவங்களில் சன்னல்கள் அமைந்துள்ளன. எந்தச் சன்னலுக்குப் பின் எந்தச் செல்வம் இருக்கிறது என்று ஹெஷென் நினைவு வைத்துக்கொள்ளவே அப்படி என்று வழிகாட்டிகள் சொல்வது, உண்மையோ இல்லையோ, அவருடைய குணத்துக்குப் பொருந்துகிறது. தோட்டத்தின் குளம் வௌவால் வடிவில் வெட்டப்பட்டிருக்கிறது. வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, 'ஃபு'. காங்சி பேரரசர் கைப்பட எழுதிய 'ஃபு' எழுத்தைப் பொறித்த கல் ஒரு செயற்கைக் குகைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முன் நீளும் வரிசையில் நிற்பதைவிட அந்த நேரத்தில் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வரலாம்.

உணவைப் பொறுத்தவரை, ஹோவ்ஹாய்க் கரையின் மதுக்கூடங்களில் உட்கார வேண்டாம். விலைக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை, மாலையில் பாட்டுச் சத்தம் ஒன்றோடொன்று மோதுகிறது. யின்திங் பாலத்தருகே 1848-இல் தொடங்கிய காவ்ரோவ்ஜி என்ற உணவகத்தில் இரும்புத் தட்டில் வாட்டிய ஆட்டிறைச்சி, வெங்காயத்தாளும் கொத்துமல்லித் தழையும் சேர்ந்து, மலிவாக இல்லாவிட்டாலும் மனநிறைவாக இருந்தது. பாசிப்பயற்று மாவெடுத்த நீரைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் தோவ்ஜியையும் ஒரு சிறு கடையில் குடித்தேன். முதல் வாய்க்கு மூக்கைச் சுளிக்கவைக்கும். நன்றாகப் புளித்த நீராகாரம் குடித்துப் பழகியவர்கள் மூன்றாம் வாய்க்குள் சமாதானமாகிவிடுவார்கள். சைவர்களுக்கு இந்தப் பகுதி கடினம். சைவம்போலத் தெரியும் பல உணவுகளிலும் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

யான்தாய் சாய்வுத் தெருவில் புகைக்குழாய்க் கடைகள் இருந்த காலம் போய், எல்லா ஊரிலும் கிடைக்கும் விசிறிகளே விற்கின்றன. அதைத் தாண்டி முரசுக் கோபுரத்தின் 69 செங்குத்துப் படிகளை ஏறலாம். 1900-இல் பாக்சர் கிளர்ச்சியை அடக்க நகருக்குள் புகுந்த எட்டு வெளிநாடுகளின் கூட்டுப் படை கிழித்த பழைய முரசு இன்னும் அங்கே இருக்கிறது.

என் நடையை வான்னிங் பாலத்தில் முடித்தேன். படகுகள் ஏரிக்குள் நுழைந்த மதகு இந்தப் பாலத்தை ஒட்டித்தான் இருந்தது. மேலே பேருந்துகள் ஓடுகின்றன. கீழே கரைச்சுவரில், கழுத்தை நீட்டி நீரையே பார்த்தபடி கல் விலங்குகள் படுத்திருக்கின்றன. பாலத்தைக் கடந்த நூற்றுக்கணக்கானோரில் கைப்பிடிச் சுவரை எட்டிக் கீழே பார்த்தவர் அந்த அரை மணி நேரத்தில் பள்ளிச் சிறுவன் ஒருவன் மட்டும்தான்.