ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ்: ரெண்டு மாசமா நோண்டிட்டு எழுதுறேன்

ஊர்ல எல்லாரும் மிக்ஸி, மொபைல்னு ரிவ்யூ போடுறாங்க, நான் ஒரு சாவுக் கணக்கு வெப்சைட்டுக்கு ரிவ்யூ போடுறேன், திட்டாதீங்க.

ஆரம்பிச்சது வீட்டு விசேஷத்துல. பெரியப்பா சாப்பிட்டு வெத்தலையைப் போட்டுக்கிட்டு, "அந்தக் காலத்துல கம்பும் கேப்பையும் தின்னுட்டு அவனவன் தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தான், இப்பதான் அறுபதுலயே படுத்துடுறானுங்க"ன்னாரு. நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "அப்பல்லாம் சராசரி ஆயுசே நாப்பதைத் தாண்டாது பெரியப்பா, தொண்ணூறுக்கு எங்க போறது"ன்னு சொல்லிட்டேன். "எங்க, காட்டு பாப்போம்"னாரு. காட்டலாம்னு தேடப் போனாத்தான் தெரியுது, அவரு சொன்னதும் தப்பு நான் சொன்னதும் தப்பு.

சைட்டு பேரு ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ். அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டியும் ஜெர்மனியில ராஸ்டாக்ல இருக்கிற மேக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2002ல ஆரம்பிச்சது. நாப்பது சொச்சம் நாடுகள், ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வயசும், ஆம்பளை பொம்பளை தனித்தனியா, 110 வயசு வரைக்கும். காசு கிடையாது, இமெயில் குடுத்து அக்கவுண்ட் போட்டா போதும். இந்தியா இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன், நானும் முதல்ல அதைத்தான் தேடினேன். பிறப்பு இறப்பை ஒண்ணு விடாம பதிவு பண்ற நாடுகளை மட்டும்தான் சேர்க்கிறாங்க.

அதனால ஸ்வீடனை எடுத்தேன். அங்க 1749லயே ஒவ்வொரு சர்ச்சு பாதிரியாரும் தன் ஏரியாவுல யார் பொறந்தா யார் செத்தான்னு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பணும்னு ஏற்பாடு வந்துடுச்சு, அதனால இந்த சைட்ல ஸ்வீடன் 1751ல இருந்தே இருக்கு. பைலைத் திறந்தா வெறும் எழுத்தும் நம்பரும், கலர் கிடையாது படம் கிடையாது, பழைய ரயில்வே டைம் டேபிள் மாதிரி. முதல் வருஷத்துல பொறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கிற ஆயுள் 38 மாதிரி வருது. பாத்தீங்களா பெரியப்பான்னு குதிக்கப் போனேன். அப்புறம் அதே டேபிள்ல கீழ இறங்கி 65ங்கிற வரியைப் பாத்தேன். 65 வரைக்கும் தாக்குப்பிடிச்ச பொம்பளை இன்னும் சுமாரா பத்து வருஷம் இருந்திருக்கா! அப்ப 38ங்கிறது எல்லாரும் 38ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, பாலகனா போன புள்ளைங்க அந்த சராசரியைக் கீழ இழுத்திருக்கு. கிழவன் கிழவி அப்பவும் இருந்தாங்க, எண்ணிக்கைல கம்மி, அவ்வளவுதான். இன்னைக்கு அதே ஸ்வீடன்ல 65 வயசு பொம்பளைக்கு இன்னும் 21 வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கு.

வயசானவங்க சாவை அன்னைக்கும் இன்னைக்கும் ஒப்பிடணும்னா இதான் வழி. 80ஐ 80ஓட வை, 65ஐ 65ஓட வை. மொத்த சாவை மொத்த ஜனத்தொகையால வகுத்து ஒரு நம்பரை எடுத்தோம்னா நல்லா ஏமாந்துடுவோம். ஜப்பானைப் பாருங்க. 1980ல ஆயிரம் பேருக்கு 6.2 சாவு, 2022ல 12.9, அதாவது டபுள். இதை மட்டும் வாட்ஸப்ல பார்வர்ட் பண்ணா "ஜப்பான்ல என்னமோ ஆகிப்போச்சு"ன்னு நாலு பேர் கிளம்பிடுவாங்க (கிளம்பிட்டும் இருக்காங்க, எங்க பேமிலி குரூப்லயே வந்துச்சு). ஆனா அதே ஜப்பான்ல 65 வயசு பொம்பளைக்கு 1947ல பாக்கி 12 வருஷம், 2019ல 24 அரை. ஆயுசு கூடுது, சாவும் கூடுது, ரெண்டும் ஒரே நாட்டுல. ஏன்னா ஊரே கிழடாயிடுச்சு, வயசானவங்க அதிகம் இருக்கிற ஊர்ல சாவு அதிகமாத்தான் இருக்கும். ஒவ்வொரு வயசாப் பாத்தா சாவு ரேட்டு குறைஞ்சிருக்கு, பக்கவாதம் அங்க 1960கள்ல இருந்து மளமளன்னு இறங்கினது பெரிய காரணம், உப்பைக் குறைச்சாங்க, பிரஷரைப் புடிச்சு மாத்திரை குடுத்தாங்க, 1961லயே எல்லாருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ்.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஜெர்மனி பைல். கிழக்கு ஜெர்மனி தனி, மேற்கு ஜெர்மனி தனி, ரெண்டும் 1956ல இருந்து வச்சிருக்காங்க. 80 வயசுப் பாட்டிகளோட சாவு ரேட்டை மட்டும் எடுத்து கிராப் போட்டேன். 1970கள்ல ஆரம்பிச்சு மேற்கு இறங்குது, கிழக்கு பின்தங்குது, இடைவெளி பெருசாகிட்டே போகுது. 1990ல நாடு ஒண்ணா சேருது. அதுக்கப்புறம் கிழக்கு கோடு மேற்கை நோக்கி சரசரன்னு இறங்கி கிட்டத்தட்ட ஒட்டிக்குது. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பாட்டிகள் ரெண்டு உலகப் போரைப் பாத்தவங்க, வாழ்க்கையில முக்காவாசியைக் கஷ்டத்துல ஓட்டினவங்க, ஒடம்பு எப்பவோ தேஞ்சு போயிருக்கும்னுதான் நாம நினைப்போம். 80 வயசுக்கு மேல பென்ஷனும் ஆஸ்பத்திரியும் மாறினதும் சாவு ரேட்டு மாறுது. "வயசாயிடுச்சு, இனிமே பாத்து என்ன"ன்னு சொல்ற டாக்டர்கிட்ட காட்டணும் போல இருந்துச்சு.

இனி குறை. லைஃப் டேபிள்ல (ஒவ்வொரு வயசுக்கும் சாவு ரேட்டும் பாக்கி ஆயுசும் போட்டிருக்கிற பட்டியல்) ரொம்ப மேல் வயசுக்குப் போகப் போக நம்பர் அப்படியே எண்ணினது இல்ல. செத்தவங்க எண்ணிக்கை குறைஞ்சா ரேட்டு மேலயும் கீழயும் குதிக்கும்ல, அதனால 80க்கு மேல தேவைப்பட்ட இடத்துல, 95க்கு மேல எப்பவுமே, ஒரு வளைவை வரைஞ்சு சமன் பண்ணிடுறாங்க. கன்னிஸ்டோன்னு பின்லாந்து ஆளு பேர்ல இருக்கிற பார்முலா அது. தப்புன்னு சொல்லல, ஆனா "103 வயசுல இவ்வளவு"ன்னு அந்த டேபிளை வச்சு யாராவது சண்டைக்கு வந்தா நம்பாதீங்க, சமன் பண்ணாத ரேட்டு தனி பைல்ல இருக்கு. அதே மாதிரி 80 தாண்டினவங்க எத்தனை பேர் உயிரோட இருந்தாங்கங்கிறதையும் சென்சஸை நம்பி எடுக்கல. ஒரே வருஷத்துல பொறந்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் சாவைப் பின்னாடி இருந்து கூட்டிக்கிட்டே வராங்க. கல்யாண மண்டபத்துல எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு கடைசியில எச்சில் இலையை எண்ணுவோமே, அதே டெக்னிக். இன்னும் பந்தியில உக்காந்திருக்கிற வயசுக்காரங்களுக்கு மட்டும் மதிப்பீடு.

2020ல கொரோனா சமயத்துல வாராந்திர சாவுக் கணக்கு ஒண்ணு தனியா சேர்த்தாங்க. அந்த நேரத்துக்கு பெரிய உதவி, ஆனா அதுல கடைசி வயசு குரூப் 85க்கு மேல எல்லாம் ஒரே மூட்டை. 86 வயசுக்காரரும் 99 வயசுக்காரரும் ஒண்ணா? பத்து வருஷம் தள்ளிப் பாத்தா அந்த மூட்டைக்குள்ள இருக்கிறவங்க வயசே மாறிப்போயிருக்கும், ஒப்பிடும்போது ஜாக்கிரதை. ஒத்தை வருஷத்தைப் பக்கத்து வருஷத்தோட ஒப்பிடுறதும் அதே மாதிரி ஆபத்து. பிரான்ஸ்ல 2003 ஆகஸ்ட் வெயில்ல 15,000 பேர் கிட்ட கூடுதலா செத்தாங்க, முக்காவாசி வயசானவங்க. அந்த வருஷ மொத்தம் 5.52 லட்சம், அடுத்த வருஷம் 5.09 லட்சம். 2003ஓட மட்டும் வச்சுப் பாத்தா 2004 இருக்கிறதை விட அழகாத் தெரியும், ஏன்னா 2003 கணக்குல அந்த வெயில் சாவும் சேர்ந்திருக்கு.

எக்செல்ல போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, கடைசி வயசு வரியில 110க்குப் பக்கத்துல பிளஸ் குறி இருக்கும், டேட்டா இல்லாத இடத்துல வெறும் புள்ளி இருக்கும், அதைக் கவனிக்காம நான் சார்ட் போட்டு ஒரு ராத்திரியை வீணாக்கினேன். என் தப்புதான், விளக்கக் குறிப்புல எழுதியிருந்தாங்க, யாரு படிச்சா.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க்கு அந்த 85 மூட்டைக்காகப் புடிச்சேன்.

போன வாரம் ஸ்வீடன் கிராபை பிரிண்ட் எடுத்துட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுல நம்ம ஊரு எங்கடா?" "இல்ல பெரியப்பா." "ஏன் இல்ல?" பதிவு சரியா இருக்கணும், செத்தவங்க வயசு கரெக்டா தெரியணும், நம்ம ஊர்ல கேட்டா அறுபது, அறுபத்தஞ்சு, எழுபதுன்னு ரவுண்டாத்தான் சொல்லுவாங்கன்னு விளக்கினேன். சிரிச்சாரு. "எனக்கே ஜூன் ஒண்ணாம் தேதின்னு ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாரா போட்டதுதான், ஜாதகப்படி நான் ரெண்டு வயசு மூத்தவன்"னாரு. அப்புறம் பிரிண்ட்டை மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு, "அந்த ஸ்வீடன்காரன் கேப்பை திங்கலையே, அதான் 38"ன்னுட்டு உள்ள போய்ட்டாரு.