சட்னி அரைக்கிற மிக்ஸியிலேயே ஸ்மூத்தி: மூன்று வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

ஸ்மூத்திக்கென்று தனியாக ஒரு பிளெண்டர் வாங்க வேண்டுமா, வீட்டில் இருக்கும் மிக்ஸியே போதுமா? 750 வாட் மிக்ஸி ஒன்றில் மூன்று வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாளாவது அரைத்ததை வைத்துச் சொல்லலாம்: பழத்துக்குத் தாராளமாகப் போதும். கீரையை எல்லாவற்றோடும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டால்தான் திப்பி திப்பியாக வரும். இரண்டு தடவையாக அரைத்தால் அந்தக் குறையும் இல்லை. 500 வாட் மிக்ஸியிலும் செய்யலாம், உறைந்த பழம் போடும்போது மட்டும் திணறும்.

இரண்டு பேருக்கு 200 மி.லி. தயிர் அல்லது பால், 250 கிராம் நறுக்கிய பழம். அதில் 100 கிராமாவது ஃப்ரீசரில் உறைய வைத்த பழமாக இருந்தால் ஐஸ் கட்டியே வேண்டாம். ஐஸ் உருகி நீர்த்துப்போகும், பிளேடின் முனையையும் கெடுக்கும். ஒரு ஆளுக்கு மட்டும் என்றால் பெரிய ஜாரை எடுக்காதீர்கள். பிளேடு மூழ்காமல் எல்லாம் சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். சட்னி ஜார்தான் சரி, அதிலும் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஜாரில் முதலில் போவது திரவம். அதன் மேல் மென்மையான பழம், கடைசியில் உறைந்தது. உறைந்த பழம் அடியில் போனால் பிளேடு அதில் மாட்டிக்கொள்ளும். முதலில் பல்ஸில் நாலைந்து தடவை விட்டுவிட்டு, பிறகு இரண்டாம் வேகத்தில் 30 முதல் 40 விநாடி. காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் சட்டென்று லேசாகி உயர்ந்தால் பிளேடைச் சுற்றிக் காற்றுக்குழி விழுந்துவிட்டது. இனி எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அரையாது, நிறுத்திக் கரண்டியால் கிளறி இரண்டு ஸ்பூன் திரவம் விட வேண்டும். சத்தம் அமுங்கி உறுமினால் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், உடனே அணைக்க வேண்டும். மிக்ஸி தானாக நின்றுபோனால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாரைக் காலி செய்யுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.

உறைய வைப்பதற்கு மோரிஸ் வாழைப்பழம் நல்லது. தோலுரித்து ஒரு செ.மீ. வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் வைத்த பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். நேராக டப்பாவில் அடைத்தால் ஒரே பாறையாகிவிடும். பூவனில் லேசான புளிப்பு இருப்பதால் தயிரோடு பிரமாதமாகச் சேரும். ரஸ்தாளியில் சில பழங்களுக்கு நடுவே கட்டி விழுந்திருக்கும், நறுக்கும்போதே பார்த்து எடுத்துவிடுங்கள். கொய்யாவின் விதைப்பகுதியைத் தனியே தண்ணீர் விட்டு ஒரே ஒரு சுற்று சுற்றி வடிகட்டுங்கள். ஆரஞ்சு, விதையுள்ள திராட்சை இரண்டிலும் விதை உடைந்தால் முழு ஜாரும் கசக்கும்.

அன்னாசியும் பாலும் சேர்ந்தால் கசக்கிறது என்று பலர் பழத்தைக் குறை சொல்கிறார்கள். பழத்தில் ஒன்றும் கோளாறு இல்லை. அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை வெட்டுகிறது, கசப்பு அதிலிருந்து வருகிறது. அரைத்த உடனே குடித்தால் தெரியாது, நேரம் ஆக ஆகத் தெளிவாகத் தெரியும். அன்னாசித் துண்டுகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். இல்லையென்றால் பாலை விட்டுவிட்டு இளநீரில் அரைக்கலாம், சுவைக்கு இதுவே மேல். பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் பப்பைன் உண்டு. காயில்தான் அதிகம் என்பதால் நன்றாகக் கனிந்த பழமாக எடுத்தால் பெரிய தொல்லை இல்லை.

காய்கறிக்கு வருவோம். பச்சைக் கேரட்டை எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல் மாதிரி நெருடும். வில்லையாக நறுக்கி ஆவியில் ஏழெட்டு நிமிடம் வையுங்கள். பீட்ரூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதன் மண்வாசனையும் கொஞ்சம் அடங்கும். அரைக்கும் முன் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடித்துவிடும். புதினா, பசலை போன்றவற்றைத் திரவத்தில் பாதியோடு முதலில் தனியாக அரை நிமிடம் அரைத்து, பிறகுதான் பழமும் மீதித் திரவமும் சேர்க்க வேண்டும். இரண்டு தடவை என்று சொன்னது இதைத்தான். பசலையிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தினமும் குடிக்க வேண்டாம்.

சுரைக்காயில் விளையாட்டே கூடாது. அரைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. உடம்புக்கு நல்லது, கசந்தாலும் பரவாயில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதும், தேனும் பழமும் போட்டுக் கசப்பை மறைப்பதும்தான் ஆபத்து. வெள்ளரிக்கும் இதே சோதனை.

சப்ஜா விதையை அரைக்க வேண்டாம். கால் மணி நேரம் ஊறவைத்து, அரைத்து முடித்த பிறகு கலந்தால் போதும். கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் ஓட்ஸை அதே தயிரில் பத்து நிமிடம் ஊறவைத்து அரையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் காற்று புகுந்து நுரை தள்ளும், அப்புறம் மேலே நுரையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும்.

குடித்த கையோடு ஜாரில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் விட்டு இருபது விநாடி ஓட்டிக் கழுவிவிடுங்கள். மூடியின் ரப்பர் வாஷரையும் கழற்றிக் கழுவ வேண்டும். நாள்பட்ட புளித்த நாற்றம் பெரும்பாலும் வாஷருக்கு அடியிலிருந்துதான் வருகிறது. ஜாரைக் கவிழ்த்துக் காயவைத்தால் பிளேடின் அடிப்பக்கம் நீர் தேங்காது. நீர் தேங்கினால் பிளேடு தண்டு துருப்பிடித்து, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஜாருக்கு அடியில் கறுப்பாக மைபோல் கசியத் தொடங்கும். விரலால் தொட்டுப் பார்த்துக் கறுப்பு ஒட்டினால் அந்த ஜாரில் மேற்கொண்டு அரைக்காமல் மிக்ஸி ரிப்பேர் கடையில் கொடுத்து பிளேடு செட்டையே மாற்றிவிடுங்கள். இந்த மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வந்தது அது ஒரு தடவையும், வாஷர் இரண்டு தடவையும்தான்.